மாடியில் யார் குடியிருக்கிறார்கள்? ஜார்ஜ்டவுனும் ஆசியாவின் பழைய ஊர்களும்

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் இன்றைக்கும் வரிசை குலையாமல் நிற்பதற்கு முதல் காரணம் ஒரு வாடகைச் சட்டம். யுனெஸ்கோவெல்லாம் பிற்பாடு வந்த கதை. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 பிப்ரவரிக்கு முன் கட்டி முடித்த கட்டடங்களின் வாடகையை நினைத்தபடி ஏற்றவிடாமல் கட்டிப்போட்டது. குடியிருப்பவரைக் கிளப்புவதும் லேசில் நடக்கிற காரியமாக இருக்கவில்லை. வாடகையும் ஏறாது, ஆளும் போகமாட்டார் என்றால் எந்த வீட்டுக்காரர் கைக்காசு போட்டுக் கூரை மாற்றுவார்? இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பவும் வழியில்லை. வீடு கிடந்தபடி கிடந்தது. ஓடு உடைந்தால் குடியிருந்தவரே ஒரு தகரத்தைச் செருகிக்கொண்டார். கீழே மளிகைக் கடையோ தையல் கடையோ நடக்கும். மேலே பலகைத் தடுப்பு வைத்து நாலைந்து குடும்பங்கள் உள்வாடகைக்கு இருக்கும். பயணிகள் இன்று நின்று படம் எடுக்கும் அந்த மர ஜன்னல்களுக்குப் பின்னால் அன்றைக்கு நெருக்கடியும் கூரை ஒழுகலும்தான் இருந்தன.

இதோடு இன்னும் இரண்டு சங்கதிகள் சேர்ந்துகொண்டன. சுங்கவரியில்லாத துறைமுகம் என்ற பெயரில் வளர்ந்த பினாங்கு, அந்தத் தகுதியை 1969-இல் இழந்தது. துறைமுகத்தை நம்பியிருந்தவர்களுக்குப் பிழைப்பு போனது. அந்த வேலையில்லாத் திண்டாட்டத்தைச் சமாளிக்க 1972-இல் தீவின் தென்கிழக்கில் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கியது. மின்னணுத் தொழிற்சாலைகள் அங்கே வந்தன. இளவட்டங்களும் அவர்கள் சம்பளமும் அந்தப் பக்கம் நகர்ந்தன. பழைய ஊருக்குள் பெரிய அளவில் இடித்துக் கட்டிய இடம் என்றால் அது கொம்தார் கோபுரம்தான். 1974-இல் வேலை தொடங்கி 1980-களில் முடிந்தது, 65 மாடி. அதற்காக ஒரு வட்டாரமே துடைத்தெடுக்கப்பட்டது. வாடகைச் சட்டமும் வியாபார மந்தமும் இல்லாதிருந்தால் லெபோ சூலியா (லெபோ என்றால் தெரு) வரைக்கும் இதே கதி என்றுதான் நினைக்கிறேன்.

ஆசியாவில் பழமை மாறாத ஊர் என்று விளம்பரம் செய்யும் இடங்களின் வரலாற்றைப் புரட்டினால் பெரும்பாலும் இதே கதைதான். வியட்நாமின் ஹோய் ஆன் ஒரு காலத்தில் சீனரும் ஜப்பானியரும் வந்து தங்கி வியாபாரம் செய்த துறைமுகம். து போன் ஆற்றின் முகத்துவாரம் வண்டல் படிந்து தூர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கப்பல்கள் டா நாங் பக்கம் திரும்பின. ஊர் நின்ற இடத்திலேயே நின்றது. 1999-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இலங்கையின் காலி, கொழும்புத் துறைமுகம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிதானதும் படுத்துவிட்டது. கோட்டைக்குள் இருந்த டச்சுக்கால வீடுகளை இடித்துக் கட்ட யாருக்கும் காசில்லை. அவற்றில் குடியிருந்தவர்களில் தமிழ் பேசும் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் நிறைய. மலாக்காவின் வியாபாரத்தைப் பிடுங்கிக்கொண்டதே பினாங்கும் சிங்கப்பூரும்தான். அப்படிப் பிடுங்கிய பினாங்கு, பிறகு தானும் ஓய்ந்துபோய், 2008 ஜூலை 7 அன்று அதே மலாக்காவோடு கைகோத்து ஒரே பெயரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதை வரலாற்றின் குறும்பு என்றே சொல்லவேண்டும்.

இந்தக் கதையின் இன்னொரு முனை தமிழ்நாட்டில் இருக்கிறது. லெபோ பினாங்கிலும் அக்கம்பக்கத் தெருக்களிலும் நகரத்தார் கிட்டங்கி வைத்து வட்டிக்கடை நடத்திய காலத்தில் பர்மா, மலாயா, சிலோன் என்று ஈட்டிய பணம் காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் போய்ப் பர்மாத் தேக்குத் தூணாகவும் முகப்புப் பத்தியாகவும் நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பர்மா கைவிட்டுப் போனதும் அந்த வீடுகளைப் பராமரிக்க ஆளும் இல்லை, வருமானமும் இல்லை. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. சில வீடுகள் பிரிக்கப்பட்டுத் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. இன்னும் சில இப்போது ஹோட்டல். செட்டிநாட்டு ஊர்களும் 2014 முதல் இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் காத்திருக்கின்றன. ஜார்ஜ்டவுனைப் பார்க்க வரும் தமிழர்கள் கிட்டங்கி இருந்த தெருவை நடந்து பார்த்துவிட்டு, ஊர் திரும்பியதும் ஒரு நடை கானாடுகாத்தான் போய்வந்தால் ஒரே கணக்குப் புத்தகத்தின் வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் பிடிபட்டுவிடும்.

பணம் போனதால் பிழைத்த ஊருக்குப் பணம் திரும்பி வந்தால் என்ன ஆகும்? ஜார்ஜ்டவுனில் அந்த நாள் 2000 ஜனவரி 1. வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 1997-இல் நிறைவேறியது. கொடுத்த அவகாசம் 1999 டிசம்பரோடு முடிந்தது. பல காலமாகச் சொற்ப வாடகை கொடுத்துவந்த குடும்பங்களுக்கு ஒரேயடியாகப் பல மடங்கு ஏறிய வாடகைச் சீட்டு வந்தது. கட்ட முடிந்தவர்கள் இருந்தார்கள், முடியாதவர்கள் ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், கடல் தாண்டிப் பட்டர்வொர்த் என்று போனார்கள். முதலில் போனவர்கள் பிரம்பு பின்னுகிறவர், தகரம் அடிக்கிறவர், பெயர்ப்பலகை செதுக்குகிறவர் போன்ற சின்னக் கைத்தொழில்காரர்கள். அவர்களுக்குக் கடையும் வீடும் ஒன்று. ஒன்று போனால் இரண்டும் போன மாதிரி. காலியான வீடுகள் சிலவற்றில் மனிதருக்குப் பதில் பறவை குடியேறியது. ஜன்னலை அடைத்து, உள்ளே இருட்டாக்கி, ஒலிபெருக்கியில் கீச்சொலி போட்டு உழவாரக் குருவியை வரவழைத்து, உண்ணக்கூடிய அதன் கூட்டை எடுத்து விற்கும் தொழில் அது. வீட்டுச் சுவர் ஈரத்தில் ஊறும், அண்டை வீட்டாருக்குத் தூக்கம் கெடும். பாரம்பரிய வட்டாரத்துக்குள் அதைப் பின்னர் ஒழித்துக்கட்டினார்கள்.

2008-இல் பட்டியல் கிடைத்தபோது ஊரே கொண்டாடியது, நியாயம்தான். மையப் பகுதி ஏறத்தாழ 109 ஹெக்டேர், அதைச் சுற்றிய காப்பு வளையம் ஏறத்தாழ 150 ஹெக்டேர். இதற்குள் உயரக் கட்டுப்பாடு, இடிப்புக்குத் தடை, பழுதுபார்க்கும் முறைக்கு விதி எல்லாம் வந்தன. இந்த விதிகளையெல்லாம் கட்டிச் சொல்லும் சிறப்புப் பகுதித் திட்டம் 2016-இல்தான் அரசிதழில் ஏறியது. ஆனால் ஒரு சிக்கல். யுனெஸ்கோ இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது கட்டட அழகுக்காக மட்டும் இல்லை. மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஐரோப்பியர் என்று பல சமூகங்கள் ஒரே ஊரில் தத்தம் சமயத்தோடும் மொழியோடும் தொழிலோடும் இன்னும் வாழ்ந்துகொண்டிருப்பது தேர்வுக்கான காரணங்களில் ஒன்று. அதாவது குடியிருப்பவர்களும் அந்தப் பெறுமதியில் சேர்த்தி. விதிகள் சுவரைக் காப்பாற்றும், கூரையைக் காப்பாற்றும்; வாடகைக்காரரை எந்த விதியும் காப்பாற்றாது. 2009-இல் எடுத்த கணக்கெடுப்பில் பாரம்பரிய வட்டாரத்தில் குடியிருந்தவர்கள் பத்தாயிரத்துக்குச் சற்று மேல். நாலு வருடம் கழித்து எடுத்தபோது பத்தாயிரத்துக்குக் கீழே போயிருந்தது.

2012-இல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சகாரேவிச் சில சுவர்களில் வரைந்தார். லெபோ ஆர்மேனியனில் உண்மையான சைக்கிள் ஒன்றைச் சுவரோடு சேர்த்து வைத்து, அதில் இரண்டு பிள்ளைகள் ஏறிப்போவதாக ஒரு படம். அந்தப் படங்கள் நல்ல படங்கள், அதில் மறுபேச்சில்லை. ஆனால் அதன்பிறகு பயணிகளின் நடைபாதையே மாறிப்போனது. படத்துக்குப் படம் போய் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு நடுவில் இருக்கும் ஊர் வெறும் வழிதான். பக்கத்துக் கடைகள் காபிக்கும் ஐஸ்கிரீமுக்கும் டீசட்டைக்கும் மாறின. பிற்பாடு ஹோய் ஆனிலும் கூச்சிங்கிலும் இதே மாதிரிச் சாலைகளைப் பார்த்துவிட்டு, ஊர்ப் பெயரை மூடிமறைத்தால் எந்த ஊர் என்றே சொல்லமுடியாது என்று புலம்புகிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி.

ஒரு பழைய ஊர் உண்மையாகவே பழசா, பழசு மாதிரி வேஷம் போட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் சுவரைப் பார்த்தாலே போதும். பினாங்குக் கடைவீட்டின் செங்கல் மெத்தென்ற செங்கல். அடியில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. கடலோரத் தாழ்ந்த நிலம் என்பதால் மண்ணின் ஈரமும் உப்பும் சுவரில் மெல்ல மேலேறிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்துக் கொத்தனார் இதை எதிர்த்துச் சண்டை போடவில்லை. சுண்ணாம்புச் சாந்து பூசி, மேலே சுண்ணாம்பு நீர் அடித்து விட்டார். சுண்ணாம்பு ஈரத்தை விட்டுவிடும். பகலில் வெயில் பட்டு ஈரம் வெளியே போகும், உப்பு மேலே படிந்து சாந்தோடு உதிரும், சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடித்துக்கொள்வார்கள். இப்போது அவசரத்துக்குப் புதுப்பித்தவர்கள் அதன்மேல் சிமெண்டு பூசி பிளாஸ்டிக் பெயிண்டும் அடிக்கிறார்கள். முதல் ஆறு மாதம் பளபளப்பாக இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வழி தேடி இன்னும் உயரம் ஏறும். உப்பு சாந்துக்குப் பின்னால் கல்லாகி, பூச்சைப் பிதுக்கித் தள்ளும். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாய் எழும்பும். விரலால் அழுத்தினால் பின்னாலிருக்கும் செங்கல் மாவாகக் கொட்டும். ஆகவே, ஒரு சுவரில் கை வைத்தால் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது, நிறம் ஒரே சீராக இல்லாமல் திட்டுத் திட்டாக இருக்கிறது, உரிந்த இடத்தில் நீலமும் காவியும் பச்சையும் அடுக்கடுக்காகத் தெரிகிறது என்றால், அந்த வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும், அல்லது இத்தனை வருடம் கை வைக்கவே காசில்லாமல் இருந்திருக்கிறார். செட்டிநாட்டில் சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கண்ணாடி மாதிரி இழைத்த சுவரைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிய செய்தியல்ல.

சுவரைப் பார்த்தாயிற்று. அடுத்து அண்ணாந்து மாடியைப் பார்க்கவேண்டும். லெபோ ஆர்மேனியனில் மாடி ஜன்னல் பெரும்பாலும் புதுப் பூச்சோடு மூடியிருக்கும், அல்லது ஏசி பெட்டி தொங்கும். நாலைந்து தெரு தள்ளி லெபோ பாசாரில் வந்து பார்த்தால் அதே வகை ஜன்னலில் கொடி கட்டி லுங்கியும் சட்டையும் காய்கின்றன. கீழே இருக்கும் துணிக்கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் வேலைக்கு வந்த ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பையன்கள் மேலே தங்கியிருப்பார்கள். வசதியான இருப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் ராத்திரி பத்து மணிக்குமேல் விளக்கு எரிகிற தெரு அது.

லிட்டில் இந்தியா என்று பலகை வைத்திருக்கும் இந்த நாலைந்து தெருக்கள், லெபோ பாசார், லெபோ குயின், லெபோ பினாங்கு, லெபோ கிங், மற்ற தெருக்களைப்போல ஏன் மாறவில்லை? அதன் வாடிக்கையாளர் பயணி இல்லை என்பதுதான் முக்கியக் காரணம். கூலிம், சுங்கை பட்டாணி, பாரிட் புந்தார் பக்கமிருந்து குடும்பமாகக் கிளம்பிவருகிறவர்கள் தாலிக்குத் தங்கமும் கல்யாணப் பட்டும் பூசைச் சாமானும் எவர்சில்வர்ப் பாத்திரமும் இங்கேதான் வாங்குகிறார்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் கால் வைக்க இடம் இருக்காது. பூக்கடைக்காரர் மல்லிகையை முழம் போட்டுக்கொண்டே விலை சொல்வார். வெள்ளைக்காரப் பயணி ஒருவர் கேமராவைத் தூக்கினால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார், அவருக்கு அதற்கு நேரமில்லை. பயணி வந்தாலும் வராவிட்டாலும் நடக்கிற வியாபாரம். பழைய ஊரில் எந்தக் கடை பிழைக்கும் என்று கேட்டால் இந்த மாதிரிக் கடை என்று சொல்வேன்.

அங்கிருந்து லெபோ சூலியா பக்கம் நடந்தால் நாகூர் தர்கா. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகூர் ஆண்டவர் நினைவாகச் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் மாலுமிகளும் வணிகர்களும் எழுப்பியது. அதன் வெளிச்சுவரையொட்டியே சின்னச் சின்னக் கடைகள். அத்தர், தொப்பி, இன்னபிற. கடையும் தர்காவும் ஒரே கட்டடத்தின் உடம்பு. 1801-இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கத்திலேயே. பள்ளிவாசல் இருக்கும் சாலையிலேயே குவான் யின் கோயில், அதன் முனையில் புனித ஜார்ஜ் தேவாலயம். 1833-இல் எழுந்த அருள்மிகு மகாமாரியம்மன் கோயிலின் பின்பக்கம் அந்தச் சாலையைத் தொடும், வாசல் லெபோ குயினில். இந்த நாலைந்து நிமிட நடையை சமய நல்லிணக்கத் தெரு என்று சுற்றுலாத்துறை பெயர் வைத்து விற்கிறது. விற்கட்டும், தப்பில்லை. ஆனால் வழிபாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தால்தான் அது காட்சிக்கு வைத்த இணக்கம் இல்லை என்று தெரியும். வெள்ளிக்கிழமை ஒரு மணிவாக்கில் பள்ளிவாசல் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் எலுமிச்சை விளக்கு ஏற்ற வரிசை நிற்கும். குவான் யின் கோயில் வாசலில் ஊதுபத்திப் புகையில் கண் எரியும்.

தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் ஒரு சங்கதியைக் கவனிக்கலாம். நகரத்தாரின் வெள்ளி ரதம் பூசத்துக்கு முதல்நாள் காலை லெபோ பினாங்கின் கோவில் வீட்டிலிருந்து கிளம்பித் தண்ணீர்மலை அடிவாரத்து நகரத்தார் கோயிலுக்குப் போகும். 2017 முதல் தங்க ரதம் ஒன்றும் மாரியம்மன் கோயிலிலிருந்து மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணி கோயில் நிர்வாகத்தின் ஏற்பாட்டில் போகிறது. இரண்டு ரதம் எதற்கு என்ற வாக்குவாதம் அந்த வருடங்களில் பினாங்குத் தமிழர் வீடுகளில் காரசாரமாக நடந்தது, நான் அதற்குள் நுழையப்போவதில்லை. வழிநெடுகச் சீனக் கடைக்காரர்கள் தேங்காயை மலையாகக் குவித்துச் சிதறுகாய் அடிப்பார்கள். சாலையே வெள்ளையாக, இளநீரில் வழுக்கும். அடிப்பவர்கள் பயணிகளுக்காக அடிக்கவில்லை. அவரவர் வேண்டுதல்.

இப்போது இந்த ஊரின் இன்னொரு ஓரத்துக்குப் போவோம். வெல்ட் கீ கரையோரம் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சீனக் குலத் துறைகள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரை கட்டப்பட்ட பிறகு, புஜியான் மாநிலத்திலிருந்து வந்த படகுக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் பலகைப் பாலம் போட்டு, பக்கவாட்டில் மரவீடு கட்டினார்கள். ஒரு பாலத்துக்கு ஒரு குலம்: சியூ, லிம், தான், லீ, இயோ. துறைமுக வேலை குறைந்ததும் பிழைப்பு போனது, வீடு மட்டும் இருந்தது. கோயே குலத்தின் துறையும் பெங் ஆன் துறையும் 2006-இல் குடியிருப்புத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டன. கோயே குலத்தாரின் முன்னோர் சீன முஸ்லிம்கள் என்பதால் அது தனித்த வரலாறு. இரண்டே வருடத்தில் யுனெஸ்கோ பட்டியல் வந்தது, அதற்குள் பாலம் இல்லை.

மிஞ்சியவற்றில் பெரியது சியூ துறை. பேருந்து பேருந்தாகப் பயணிகள் வந்து இறங்குகிற இடம். முன்பக்க வீடுகள் பல கடையாகிவிட்டன: தொப்பி, காந்த வில்லை, டுரியான் மிட்டாய். பலகைப் பாலத்தில் நூறு பேர் நடந்தால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அதிர்வு கேட்கும். வாசல்தான் அங்கே வரவேற்பறை; கதவைத் திறந்து வைத்தால் தாத்தா பனியனோடு டிவி பார்ப்பது முழுக்கத் தெரியும். அதையும் படம் எடுத்தார்கள். ஆகவே படம் எடுக்காதே என்று பலகை வந்தது, பார்வை நேரம் என்று பலகை வந்தது. நான் சொல்வது இதுதான்: அங்கே போக வேண்டாம் என்றில்லை. சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, ஜேட் பேரரசரின் பிறந்தநாளுக்கு வாசலில் மேசை போட்டுக் கரும்பு கட்டிப் படையல் வைக்கும்போது போய் ஓரமாக நின்றால், வீட்டுக்காரர்களே உள்ளே அழைக்கிற அளவுக்கு ஊர் திறந்திருக்கும். மற்ற நாளில் பக்கத்திலிருக்கும் தான் துறை, லீ துறைகளில் நடந்தால் கூட்டமும் குறைவு, யாருக்கும் தொந்தரவும் இல்லை.

இந்தப் பிரச்சினை மேலும் கூர்மையாவது ஊரைவிட்டு ஒதுங்கி வாழும் சின்னச் சமூகங்களில். தாய்லாந்தின் மே ஹோங் சோன் பக்கம், கழுத்தில் பித்தளை வளையம் அணியும் கயான் பெண்களின் கிராமங்களுக்கு நுழைவுக்கட்டணம் உண்டு. அவர்கள் பர்மாவின் கயா மாநிலத்துப் போரிலிருந்து தப்பிவந்த அகதிகள். விளைநிலம் இல்லாத அகதிக்கு வளையம்தான் வருமானம். கழற்றிவிட்டால் அதுவும் இல்லை. லாவோஸின் லுவாங் பிரபாங்கில் விடியற்காலைப் பிட்சை, துறவிகள் வரிசையாக வந்து பிடிசோறு ஏற்கும் அன்றாட வழிபாடு. பயணிகள் முகத்தருகில் ஃபிளாஷ் அடித்து எடுப்பதும், தெருவில் விற்கும் மலிவுச் சோற்றை வாங்கி அவர்களும் போடுவதும் வந்த பிறகு பல உள்ளூர்க்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். சீனாவின் லிஜியாங் பழைய நகரம் 1997-இல் பட்டியலில் சேர்ந்தது. அங்கே நாசி இனத்தவர் தம் வீட்டை வெளியூர் வியாபாரிக்கு நல்ல வாடகைக்கு விட்டுவிட்டுப் புதுநகரத்து அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு நஷ்டமில்லை, ஒழுகாத வீடு, குழாயில் தண்ணீர். பழைய நகரத்தில் நாசி உடுப்பு போட்டு நிற்கும் பெண் நாசியாகவே இருக்கவேண்டுமென்ற அவசியம் இப்போது இல்லை.

பினாங்கிலிருந்து தெற்கே மலாக்கா போகும் தமிழர்களுக்கு இதில் தனிப் பாடம் ஒன்று காத்திருக்கிறது: காஜா பேராங்கில் இருக்கும் மலாக்கா செட்டிகள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகரும் உள்ளூர்ப் பெண்களும் கலந்து உருவான சமூகம். பேச்சு மலாய், உடுப்பு கெபாயா என்ற மலாய் மேற்சட்டை, சாப்பாட்டில் பெலாச்சான் என்ற இறால் விழுது. சமயம் அசல் சைவம். அவர்களுக்குச் சொந்தமான பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் கட்டியது, மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் இந்துக் கோயில்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. போகியன்று முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கும் சடங்கை அவர்கள் விடாமல் செய்துவருகிறார்கள். தமிழ் பேசும் எத்தனையோ வீடுகளில் அது நின்றுபோயிற்று. நம்மவர்கள் அங்கே போய், ஐயோ தமிழ் தெரியாதா, மறந்துவிட்டீர்களா என்று முகத்துக்கு நேரே அனுதாபப்படுவதை நேரில் கேட்டிருக்கிறேன். நானூறு ஐந்நூறு வருடம் தம் சமயத்தை விடாமல் வைத்திருந்தவர்களிடம் கேட்கிற கேள்வியா அது? கும்பிட்டுவிட்டு, இலையில் என்னென்ன வைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மத்தியானம் முழுக்கப் பேசுவார்கள்.

இப்போது தமிழ்நாட்டிலிருந்து வருவது முன்னைவிட எளிது. 2023 டிசம்பரில் இந்தியப் பயணிகளுக்கு மலேசியா குறுகிய கால விசா விலக்குக் கொடுக்கத் தொடங்கியது. கோலாலம்பூர் வந்தால் கே.எல். சென்ட்ரலிலிருந்து மின்ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி. ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் வழியாக வந்திறங்கிய தாத்தாக்கள் கண்ட அதே கரைப்பக்கம்தான் ஃபெர்ரியும் ஒதுங்குகிறது. ஒரே பரிந்துரை: ஜார்ஜ்டவுனுக்குள் குறைந்தது இரண்டு ராத்திரி தங்குங்கள். கொடிமலை, கெக் லோக் சி, பத்து ஃபெரிங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்து, பழைய ஊருக்கு மத்தியான வெயிலில் இரண்டு மணிநேரம் ஒதுக்கும் டூர் திட்டம் வீண். இந்த ஊர் காலை ஏழு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் பார்க்கவேண்டியது. காலையில் கடைக்காரர்கள் பலகைக் கதவை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது உள்ளே வீடு எவ்வளவு நீளம், நடுவில் முற்றம் எங்கே என்று தெரியும். நாசி கண்டார் (சோறும் பலவகைக் கறிக்குழம்பும்) தின்ன ஆசையிருந்தால் லெபோ கேம்பலில் 1907-இலிருந்து நடக்கும் ஹமீதியா இருக்கிறது. வரிசை நீளமாக இருந்தால் பேர் தெரியாத ஒட்டுக்கடையிலும் பசியாறலாம், குறையொன்றும் இருக்காது.

கடைசியாக, இந்த ஊரில் யார் மிஞ்சுவார்கள் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். ஜார்ஜ்டவுனின் பாரம்பரிய வட்டாரத்தில் கணிசமான கட்டடங்கள் தனி மனிதருக்குச் சொந்தமில்லை. கூ கொங்சி போன்ற குலச் சங்கங்கள், பள்ளிவாசல் வக்ஃபு, கோயில் சொத்து, இந்து அறப்பணி வாரியம், தேவாலயம் ஆகியவைதான் பல வரிசைகளுக்கு வீட்டுக்காரர். தனியாரைப்போல இவர்கள் சொத்தை விற்றுவிட்டுப் போகமாட்டார்கள், விற்கவும் முடியாது. வக்ஃபு நிலம் வக்ஃபு நிலம்தான். ஆகவே ஒரு தெருவில் தையல்காரரும் மாலை கட்டுகிறவரும் இருப்பார்களா, எட்டு அறை ஹோட்டல் வருமா என்பது பல இடங்களில் ஒரு அறங்காவலர் குழுவின் குத்தகைத் தீர்மானம். ஹோட்டல்காரர் தரும் வாடகையில் கோயில் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கலாம், பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கலாம். மாலைக் கடைக்காரர் அதில் கால்வாசி தருவார். இதில் எளிதான விடை இல்லை. கூரை மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதே முதல் தகராறு. 2009-இல் தொடங்கிய திங்க் சிட்டி போன்ற அமைப்புகள் பழுதுபார்ப்புக்கு மானியம் கொடுத்தது சில கட்டடங்களில் அந்த முடிச்சை அவிழ்த்தது. குத்தகை முடிச்சை மானியம் அவிழ்க்காது, அது வாரியத்துக்குள்ளேயே அவிழவேண்டும்.

ஆண்டுதோறும் ஜூலை 7 பினாங்கில் பொது விடுமுறை. அதையொட்டிய நாட்களில் பாரம்பரிய விழா நடக்கும். சாதாரண நாளில் பூட்டியிருக்கும் சில சங்க வீடுகளையும் கோயில் கட்டடங்களையும் உள்ளே போய்ப் பார்க்கலாம். பொறுப்பாளர்களும் அங்கேயே இருப்பார்கள். மாடியில் யார் இருக்கிறார்கள், குத்தகை எத்தனை வருடத்துக்கு என்று அவர்களிடமே கேட்கலாம்.